மரபணு மாற்ற உணவு: கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள்?

1996 பிப்ரவரியில் பிரிட்டனில் செயின்ஸ்பரி, சேஃப்வே என்ற இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு புதிய தக்காளி விழுது விற்பனைக்கு வந்தது. மரபணு மாற்றப்பட்ட தக்காளியில் தயாரித்தது என்று டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தார்கள். பழம் பழுக்கும்போது அதைக் குழைய வைக்கிற நொதி ஒன்று உண்டு. அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவின் வேலையைக் குறைத்துவிட்டால் பழம் கெட்டியாக நிற்கும், விழுதாக்கும்போது நீரை வற்றவைக்கும் செலவும் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்கே கொடுத்தார்கள். சாதாரண விழுதின் விலைதான், டப்பா மட்டும் பெரிது. மக்களும் நன்றாகவே வாங்கினார்கள். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 18 லட்சம் டப்பாக்கள் போயின.

1999-இல் அது அலமாரியை விட்டே போய்விட்டது. அரசு அதற்குத் தடை போடவில்லை. விழுதில் கோளாறு கண்டுபிடித்து யாரும் திரும்பப் பெறவும் இல்லை. அதே தக்காளி, அதே டப்பா, அதே லேபிள். இடையில் மாறியது ஊர்ப் பேச்சு. அதை மாற்றியதில் நாளிதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எப்படி மாற்றின என்று புரிந்துகொள்ள ஊடகவியலில் இரண்டு எளிய கருத்துகள் போதும். பிரிட்டனின் அந்த மூன்று ஆண்டுகளை வைத்தே அவற்றைப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். ஓர் உயிரினத்தின் மரபணுவை எடுத்து இன்னோர் உயிரினத்தில் வைப்பது, அல்லது ஏற்கெனவே உள்ள மரபணு வேலை செய்யும் விதத்தை ஆய்வகத்தில் மாற்றுவது: இதைத்தான் மரபணு மாற்றம் என்கிறோம். தக்காளியைக் கெட்டியாக்குவதும் மரபணு மாற்றம்தான். களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத சோயாவும் பூச்சியைக் கொல்லும் நச்சைத் தானே சுரக்கும் மக்காச்சோளமும் அப்படியே. இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பயிர்கள், செய்யப்பட்ட மாற்றமும் வேறு வேறு. ‘மரபணு மாற்ற உணவு நல்லதா கெட்டதா’ என்று மொத்தமாகக் கேட்பது அதனால்தான் அவ்வளவு பொருளுள்ள கேள்வி இல்லை. ஆனால் தலைப்புச் செய்திக்கு மொத்தமான கேள்விதான் வசதி.

எதைப் பற்றி யோசிக்க வேண்டும்?

பத்திரிகை படிப்பவர் என்ன நினைக்க வேண்டும் என்பதைப் பத்திரிகையால் பெரும்பாலும் தீர்மானிக்க முடியாது. ஆனால் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை அது பிரமாதமாகத் தீர்மானிக்கிறது. பெர்னார்ட் கோஹன் என்ற அமெரிக்க அறிஞர் 1963-இல் இந்தக் கருத்தை எழுதினார். மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலைனாவின் சாப்பல் ஹில் ஊரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம், நாட்டின் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், அந்த நாட்களில் செய்தி ஊடகங்கள் இடம் ஒதுக்கிய வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. 1972-இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்துதான் ‘நிகழ்ச்சிநிரல் அமைத்தல்’ என்ற கோட்பாடு தொடங்குகிறது. எளிமையாகச் சொன்னால், பேசுபொருளை முடிவு செய்வது.

இரண்டாவது கருத்துக்குச் ‘சட்டகம்’ என்று பெயர். பேசுபொருள் முடிவான பிறகு, அதை எந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது என்பது. மரபணு மாற்றப் பயிரை உடல்நலப் பிரச்சினையாகக் காட்டலாம், சுற்றுச்சூழல் பிரச்சினையாகக் காட்டலாம். விதை யாருக்குச் சொந்தம் என்ற வணிகப் பிரச்சினையாகவோ, பசியைத் தீர்க்கும் வழியாகவோ, அரசு எதையோ மறைக்கிறது என்ற அரசியல் கதையாகவோ காட்டலாம். இவற்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் பேட்டி கொடுப்பவர் வேறு, போடும் படம் வேறு, வாசகர் மனதில் எழும் கேள்வி வேறு. உடல்நலச் சட்டகத்தில் நச்சியல் நிபுணர் பேசுவார், விதைச் சட்டகத்தில் விவசாயி பேசுவார், மறைப்புச் சட்டகத்தில் எதிர்க்கட்சிக்காரர் பேசுவார். யார் பேச வருகிறார் என்பதிலேயே பாதி விவாதம் முடிந்துவிடும்.

மாட்டிறைச்சியில் தொடங்கிய கதை

தக்காளி விழுது வந்த அடுத்த மாதம், 1996 மார்ச் 20 அன்று, பிரிட்டனின் சுகாதார அமைச்சர் ஸ்டீஃபன் டாரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, மாடுகளைத் தாக்கிய பைத்திய நோய்க்கும் மனிதர்களுக்கு வந்திருக்கும் ஒரு புதிய மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவித்தார். அதற்கு முன் பல ஆண்டுகளாக அரசு சொல்லிவந்தது வேறு: மாட்டிறைச்சி பாதுகாப்பானது, பயப்பட ஒன்றுமில்லை. 1990-இல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தன் நான்கு வயது மகளைக் கேமராக்களின் முன் நிறுத்தி, அவளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்றார். அந்தப் படம் பிரிட்டிஷ் மக்களின் நினைவில் இன்றும் இருக்கிறது.

இதைச் சொல்லாமல் மரபணு உணவு விவாதத்தைச் சொன்னால், ஏதோ பத்திரிகைகள் கிளப்பிவிட்டதை மக்கள் முட்டாள்தனமாக நம்பினார்கள் என்று ஆகிவிடும். அது நியாயமில்லை. ‘நிபுணர்கள் பாதுகாப்பானது என்கிறார்கள்’ என்ற வாக்கியம் 1996-க்குப் பிறகு அந்த நாட்டில் ஆறுதல் தரவில்லை, சந்தேகத்தைத்தான் கிளறியது. ஒரு சட்டகம் மக்களிடம் ஒட்ட வேண்டுமென்றால் அது ஒட்டுவதற்கு முன் அனுபவம் ஒன்று வேண்டும். பத்திரிகைக்கு அது கையில் கிடைத்தது.

அதே 1996-இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மான்சான்டோ நிறுவனத்தின் மரபணு மாற்ற சோயா, சாதாரண சோயாவோடு கலந்தே ஐரோப்பாவுக்குக் கப்பலில் வந்தது. பிரித்து அனுப்ப முடியாது என்று அமெரிக்கத் தரப்பு சொல்லிவிட்டது. பிஸ்கட், ரொட்டி, சாஸ் என்று பாக்கெட் உணவுகளில் பாதிக்கு மேல் சோயா ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். தக்காளி விழுதை வேண்டாமென்றால் பக்கத்து டப்பாவை எடுக்கலாம், சோயாவில் அந்த வழியே இல்லை. என்னைக் கேட்டால், எந்தத் தலைப்புச் செய்தியையும்விட இந்தக் கலப்பு தொழிலுக்குச் செய்த கேடுதான் பெரிது. ‘கேட்காமல் நம் தட்டில் போடுகிறார்கள்’ என்ற சட்டகத்தை நிறுவனங்களே செய்து கொடுத்துவிட்டன.

1998 கோடையில் மான்சான்டோ நாளிதழ்களில் பெரிய அளவில் விளம்பரம் கொடுத்தது. மறு தரப்பையும் கேளுங்கள் என்று எதிர்ப்பு அமைப்புகளின் தொடர்பு விவரங்களைக்கூட அதில் போட்டிருந்தார்கள். நல்ல யோசனை போலத்தான் தெரிகிறது. ஆனால் அதுவரை அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்படாத வாசகர்களுக்கு அது ஒரு முகத்தைக் கொடுத்தது, அதுவும் ஓர் அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் முகம். அந்த விளம்பரங்களின் மீது வந்த புகார்களில் சிலவற்றை விளம்பரத் தர ஆணையம் அடுத்த ஆண்டு ஏற்றுக்கொள்ளவும் செய்தது. இதற்கிடையில் 1998 ஜூன் 8 அன்று இளவரசர் சார்லஸ் டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் மரபணு மாற்றத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதினார். ஒரு விவாதம் முதல் பக்கத்துக்கு வர முகங்கள் வேண்டும். வில்லன் ஒருபக்கம் கிடைத்தாயிற்று, இளவரசர் இன்னொரு பக்கம்.

ஓர் உருளைக்கிழங்கும் ஒரு விஞ்ஞானியும்

இனி இந்தக் கதையின் நடுப்புள்ளி. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ரோவெட் ஆய்வு நிறுவனம் என்று ஒன்று. ஹங்கேரியில் பிறந்த அர்பாட் புஸ்தாய் அங்கே நீண்ட காலம் வேலை பார்த்த மூத்த விஞ்ஞானி. பனித்துளிப் பூச்செடியில் லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம் உண்டு, பூச்சிகளைத் தடுக்கும். அதை உண்டாக்கும் மரபணுவை உருளைக்கிழங்கில் வைத்து, அந்தக் கிழங்கை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998 ஆகஸ்ட் 10 அன்று ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் புஸ்தாய் தோன்றி, எலிகளின் வளர்ச்சியிலும் நோய் எதிர்ப்பிலும் பாதிப்பு தெரிகிறது என்றார். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இதைச் சாப்பிட மாட்டேன் என்றும், நம் மக்களைச் சோதனை விலங்குகளாக்குவது நியாயமில்லை என்றும் சொன்னார். அவர் பேசியது ஓரிரு நிமிடங்கள்தான். ஆய்வு எந்த இதழிலும் வெளியாகியிருக்கவில்லை.

இரண்டே நாளில் நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்து, பத்திரிகைகளிடம் பேசக்கூடாது என்றும் தடுத்தது. நடுவில் ஒரு குழப்பம் வேறு. கிழங்கில் வைத்தது பனித்துளி லெக்டினா, அல்லது நச்சுத்தன்மை ஏற்கெனவே தெரிந்த, ஓர் அவரைக்காய் வகையின் லெக்டினா என்பதிலேயே முதல் நாட்களின் செய்திகள் தடுமாறின. அறிவியல் நிருபர் ஒருவர் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு அது.

1999 பிப்ரவரி 12 அன்று, பல நாடுகளைச் சேர்ந்த 20-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் புஸ்தாய்க்கு ஆதரவாகக் கையெழுத்திட்ட செய்தியைக் கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. அப்புறம் அணை உடைந்தது மாதிரிதான். கவனித்துப் பாருங்கள், ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் பெரிதாக மாறியது எலிகளைப் பற்றிய தரவு அல்ல. மாறியது கதையின் வகை. ஆகஸ்டில் அது ‘உருளைக்கிழங்கு ஆய்வு சரியா’ என்ற அறிவியல் கேள்வி. பிப்ரவரியில் அது ‘உண்மை பேசியவரின் வாயை அடைத்தது யார்’ என்ற கேள்வி. முதல் கேள்விக்குப் புள்ளியியல் தெரிய வேண்டும். இரண்டாவது யாருக்கும் புரியும், யாரையும் கோபப்படுத்தும். நிறுவனம் அவரைப் பேசவிட்டிருந்தால், விமர்சகர்கள் அவரிடம் நேரடியாகவே கேள்வி கேட்டிருப்பார்கள், கதை அங்கேயே அடங்கியிருக்கலாம்.

அந்த ஜூன் மாதம் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி ஆய்வை மதிப்பிட்டு, வடிவமைப்பிலும் பகுப்பாய்விலும் குறைகள் உள்ளன, இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றது. அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழ் அந்த ஆய்வின் ஒரு பகுதியை வெளியிட்டது. வெளியிட்டதற்காக அதன் ஆசிரியர் ஒருபுறம் வாங்கிக்கட்டிக்கொண்டார். இதில் வாசகருக்கு முக்கியமான ஒரு சங்கதி: அந்த உருளைக்கிழங்கு எந்தக் கடையிலும் விற்கப்படவே இல்லை, அது ஆய்வகத்தைத் தாண்டி வந்ததில்லை. ஆனாலும் அதைப் பற்றிய பயம், ஏற்கெனவே கடையில் இருந்த தக்காளிக்கும் சோயாவுக்கும் தாவியது. ‘மரபணு மாற்ற உணவு’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டதன் விளைவு அது.

முதல் பக்கம்

1999 பிப்ரவரி 16 டெய்லி மிரர் முதல் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிரதமர் டோனி பிளேர் தானே இந்த உணவைச் சாப்பிடுவதாகவும் அது பாதுகாப்பானது என்றும் சொல்லியிருந்தார். மிரர் அவர் தலையை, பழைய ஆங்கில நாவலில் விஞ்ஞானி ஒருவன் உருவாக்கும் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் உருவத்தில் ஒட்டி, பிரதமர் என்ற சொல்லையும் பூதம் என்ற சொல்லையும் இணைத்துத் தலைப்புப் போட்டது. கட்டுரையை ஒரு வரி படிக்காதவரும் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார். ஃபிராங்கன்ஸ்டைனை உணவோடு சேர்த்துச் சொல்லும் ‘ஃபிராங்கன்ஃபுட்’ என்ற கேலிப்பெயர் பிரிட்டனில் பிறந்ததல்ல. 1992-இல் பாஸ்டன் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் பால் லூயிஸ் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய ஒரு வாசகர் கடிதத்தில் அது முதலில் வந்தது. பேராசிரியர் விளையாட்டாகப் போட்ட சொல், ஏழு ஆண்டில் இன்னொரு நாட்டின் அரசைத் திணற வைத்தது.

மிரர் மட்டுமில்லை. டெய்லி மெயில் இதற்கென்றே தனி இலச்சினை போட்டுத் தொடர் பிரசாரம் நடத்தியது. இண்டிபெண்டன்ட் ஆன் சண்டேயும் பிரசாரத்தில் இறங்கியது. அரசியலில் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும் பத்திரிகைகள் ஒரே பொருளில் சேர்ந்துகொள்வது அபூர்வம். ஒரு பக்கத்துக்கு இது பன்னாட்டு நிறுவன எதிர்ப்பு. இன்னொரு பக்கத்துக்கு இயற்கையான பிரிட்டிஷ் உணவு, கூடவே தொழிற்கட்சி அரசைக் குத்த ஒரு வாய்ப்பு. அறிவியல் அமைச்சர் சூப்பர் மார்க்கெட் குடும்பத்தைச் சேர்ந்த செயின்ஸ்பரி பிரபு, அவருக்கு உயிரித்தொழில்நுட்ப முதலீடுகள் வேறு இருந்தன. அரசியல் நிருபருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அரசியல் நிருபர் என்று சொன்னது சும்மா இல்லை. ஜான் டூரன்ட், நிக்கோலா லிண்ட்சி இருவரும் அந்த மாதங்களின் செய்திகளை ஆராய்ந்து 2000-இல் நாடாளுமன்றத்தின் அறிவியல் அலுவலகத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விவாதம் உச்சத்துக்குப் போனபோது அறிவியல் நிருபர்களின் பங்கு சுருங்கியிருந்ததை அது காட்டியது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசியல், நுகர்வோர், பொதுச் செய்திப் பிரிவினர், பத்தி எழுத்தாளர்கள். அவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அரசியல் நிருபர் யார் ஜெயித்தார் என்று பார்ப்பார், நுகர்வோர் நிருபர் கடைக்காரர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்பார். எலிகள் எத்தனை என்று கேட்கும் பழக்கம் இருவருக்கும் இல்லை.

படங்களின் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1999 ஜூலையில் நார்ஃபக் மாவட்டத்தின் லிங் என்ற ஊரில் மெல்செட் பிரபு தலைமையில் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பினர் மரபணு மாற்ற மக்காச்சோளச் சோதனை வயலை வெட்டிச் சாய்த்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை. அணு உலை விபத்து நடந்த இடத்தில் போடுவது போன்ற உடை அது. ‘இந்தப் பயிர் ஆபத்தானது’ என்று ஒரு சொல்லும் எழுதாமல் அந்தப் படமே சொல்லிவிடும். பக்கத்து வயலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்ற விவசாயியை யாரும் படம் எடுப்பதில்லை. அடுத்த ஆண்டு நார்விச் நீதிமன்றத்தில் ஜூரிகள் அவர்களை விடுவித்தார்கள். பொதுப் பேச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

பத்திரிகைகள் யாரை மாற்றின?

பத்திரிகை வாசகரின் மனதை மாற்றும், வாசகர் கடையில் வாங்குவதை நிறுத்துவார், அதனால் கடைக்காரர் பொருளை எடுப்பார் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடந்தது பெரும்பாலும் குறுக்குவழி. கடைத்தொடர்களின் நிர்வாகிகளும் அமைச்சர்களும் காலையில் பேப்பரைப் பார்த்து, இதுதான் மக்கள் கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்லாந்து என்ற உறைஉணவுக் கடைத்தொடர் 1998-லேயே தன் சொந்த பிராண்டிலிருந்து மரபணு மாற்றப் பொருள்களை நீக்கியது. 1999-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், செயின்ஸ்பரி எல்லாம் வரிசையாக வந்தன. அந்த ஏப்ரலில் யூனிலீவர், நெஸ்லே, காட்பரி மூன்றும் சில நாட்களுக்குள் அறிவித்தன. போட்டியாளர் நீக்கிவிட்டார் என்றால் நாம் மட்டும் வைத்திருந்து முதல் பக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்ற கணக்கு. ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் புதிய அனுமதிகளை நிறுத்தி வைத்தது. அது 2004 வரை நீண்டது.

சரி, மக்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள்? பிரிட்டன் உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகளில் சாதாரண மக்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துப் பேசவிட்டு, 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை: இது நமக்கு எதற்கு? லாபம் யாருக்கு? யார் முடிவு செய்தார்கள்? தப்பாகப் போனால் யார் பொறுப்பு? பூதத்தையும் எலியையும் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2003-இல் பிரிட்டிஷ் அரசே நாடு முழுக்க ஒரு பொது விவாதம் நடத்தியது. நூற்றுக்கணக்கான கூட்டங்கள், 37,000 அளவில் எழுத்துக் கருத்துகள். தயக்கம்தான் மேலோங்கியிருந்தது. ஆனால் தனியாகக் குழுக்களில் அமர்ந்து விஷயத்தைப் படித்தவர்கள், மருத்துவத்துக்கும் ஏழை நாடுகளுக்கும் பயன் இருக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். பத்திரிகைகள் போட்டுக் கொடுத்த ‘ஆபத்தா, இல்லையா’ என்ற சட்டகம் மக்களின் கேள்விகளைவிடச் சின்னதாக இருந்தது. என் வருத்தம் இதில்தான். அச்சமூட்டினார்கள் என்பதைவிட, ‘யாருக்கு லாபம்’ என்ற நல்ல கேள்வியை ‘விஷமா’ என்ற மோசமான கேள்விக்குள் அடைத்ததுதான் பெரிய நஷ்டம். விஷம் இல்லை என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நிறுவனங்களும் சுலபமாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

மறுபக்கமும் சட்டகம்தான்

எதிர்ப்பவர்கள்தான் சட்டகம் போடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2000 ஜூலையில் டைம் இதழ் தன் அட்டையில் தங்க அரிசியைக் கண்டறிந்த இங்கோ பொட்ரிகுஸின் படத்தைப் போட்டு, இந்த அரிசி ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றக்கூடும் என்றது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் சுரக்கும் அரிசி அது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் பிலிப்பைன்ஸில் அதைப் பயிரிட அனுமதி கிடைத்தது 2021-இல். ‘காப்பாற்றக்கூடும்’ என்பதற்கும் வயலுக்கும் இடையில் இருபது ஆண்டுகள். நம்பிக்கைச் சட்டகமும் அச்சச் சட்டகம் போலவே இடையில் உள்ள வேலையை மறைக்கும்.

செய்தி உருவாகும் வழியே எப்படி வளையும் என்பதற்கு 2012 செப்டம்பரில் பிரான்ஸில் நடந்தது நல்ல உதாரணம். ஜில்-எரிக் செராலினியின் குழு மரபணு மாற்ற மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்ததாக ஆய்வு வெளியிட்டது. வெளியாகும் முன் கட்டுரையைப் பெற விரும்பிய நிருபர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்: குறித்த நேரம் வரை வேறு எந்த விஞ்ஞானியிடமும் காட்டிக் கருத்துக் கேட்கக்கூடாது. விளைவு, முதலில் வந்த செய்திகள் பலவற்றில் மாற்றுக் கருத்தே இல்லை. பெரிய கட்டிகளோடு எலிகளின் வண்ணப் படங்கள் இருந்தன. ‘ஆமாம், இவை விஷம்தான்’ என்ற பொருளில் ஒரு வார இதழ் அட்டையில் தலைப்புப் போட்டது. ஒவ்வொரு பிரிவிலும் பத்தே எலிகள்தான், அதுவும் வயதானால் தானாகவே கட்டி வரக்கூடிய இனம் என்ற விமர்சனம் அதற்குப் பிறகுதான் வந்தது. 2013 நவம்பரில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014-இல் வேறோர் இதழில் அது மறுபடி வெளியானது. முதல் நாள் அட்டையைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பின்கதை போய்ச் சேர்ந்திருக்கும்?

இந்தியாவும் இந்தக் கதைக்குள் வருகிறது. 2008 நவம்பரில் டெய்லி மெயில், மரபணு மாற்றப் பருத்தியால் இந்திய விவசாயிகள் ஆயிரக்கணக்கில் தற்கொலை செய்துகொள்கிறார்கள், இது இனப்படுகொலை என்கிற தொனியில் நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதே ஆண்டில், பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் கிடைத்த தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, பிடி பருத்திதான் (பூச்சியைக் கொல்லும் நச்சைத் தானே சுரக்கும்படி மாற்றிய பருத்தி) தற்கொலைகளை அதிகரித்தது என்பதற்குச் சான்று இல்லை என்றது. பாசன வசதி இல்லாத நிலம், கந்துவட்டி, விலைச் சரிவு இவையெல்லாம் விவசாயியை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தவை. ஒற்றை வில்லன் இருந்தால் கதை ஓடும். ஆனால் வில்லனை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் அந்தக் கதை விட்டுச் செல்லும்.

2009 அக்டோபரில் பிடி கத்தரிக்காய்க்கு நிபுணர் குழு அனுமதி கொடுத்தபோது நம் நாளிதழ்களில் எழுந்த சட்டகம் பிரிட்டனுடையதிலிருந்து வேறாக இருந்தது. கத்தரி பிறந்த நாடு நாம், இத்தனை நாட்டு ரகங்கள் இருக்கும்போது எதற்கு, விதை யார் கையில் போகும் என்பவை முன்னால் நின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தன் உள்ளூர் ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்துப் பார்த்திருந்தது, ஆகவே விவாதம் தமிழ்நாட்டுக்கும் தூரத்து விஷயமாக இருக்கவில்லை. அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் நடத்திவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் சில ஆண்டுகளிலேயே அதைப் பயிரிட ஆரம்பித்தது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பயிர், அதில் என்ன மாற்றம் என்று செய்தி சொல்கிறதா, அல்லது ‘மரபணு மாற்ற உணவு’ என்ற மொத்தப் பெயரோடு நின்றுவிடுகிறதா? அது கடையில் இருக்கிறதா, ஆய்வகத்தில் இருக்கிறதா? ஆய்வு என்றால் வெளியான ஆய்வா? பேட்டி கொடுத்தவருக்கு இதில் பணமோ பதவியோ பணயமாக இருக்கிறதா? இது நிறுவன விஞ்ஞானிக்கும் பொருந்தும், தொண்டு நிறுவனத் தலைவருக்கும் பொருந்தும். கடைசியாக, நமக்கு இருக்கும் கேள்வி அந்தச் செய்தியில் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்காது.

சட்டகத்துக்கு வெளியே விழுவது எது என்பதும் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் அத்தனை கூச்சலுக்கு நடுவிலும், மரபணு மாற்ற நுண்ணுயிரிகளைக் கொண்டு எடுத்த நொதியில் பால் திரித்துச் செய்த சீஸ் 1990-களின் தொடக்கத்திலிருந்தே விற்றுக்கொண்டிருந்தது, அதைப் பற்றிப் பெரிய பேச்சில்லை. இன்றும் அங்கே மரபணு மாற்றப் பயிர் வணிக அளவில் விளைவதில்லை. ஆனால் கோழிக்கும் பன்றிக்கும் இறக்குமதி சோயா தீவனமாகப் போகிறது, அதில் பெரும்பகுதி மரபணு மாற்ற சோயா. அதைத் தின்ற கோழியின் முட்டையில் லேபிள் ஒட்டத் தேவையில்லை. இந்தியாவில் விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பிடி பருத்தி. அதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய் சமையலுக்குப் போகிறது, பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மதுரைத் தெருக்களில் பருத்திப்பாலும் பருத்திக்கொட்டையில்தான் காய்ச்சுகிறார்கள். கத்தரிக்காய் அளவுக்குப் பருத்திக்கொட்டை முதல் பக்கத்துக்கு வந்ததில்லை.